நான் சொல்லிக்கொடுத்த இரண்டாவது வார்த்தை

"சார், இதை எப்படி டைப் பண்றது?" என்று ஹெச்.ஆர். உதவியாளராக இருந்த பெண் கேட்டார். அறையில் இருந்த ஆறு பேரில் யாரும் பதில் சொல்லவில்லை. 2016-ல் ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசராக இருந்தேன். அன்று ஓர் உள்விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளி ஒருவர், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அரைநாள் பர்மிஷன் கேட்டிருக்கிறார். உதவி மேலாளர் தரவில்லை. இவர் லைனிலேயே வைத்து ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். குற்றச்சாட்டுக் கடிதத்தில் ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்று மட்டும் இருந்தது. தொழிலாளிக்குத் துணையாக வந்திருந்த சங்கத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எந்த வார்த்தை சார்? வார்த்தை என்னன்னு தெரிஞ்சாத்தானே தகுமா தகாதான்னு பாக்க முடியும்?" என்றார். உதவி மேலாளர் சொல்ல மறுத்தார். லேடீஸ் இருக்காங்க என்றார். கடைசியில் முதல் எழுத்தை மட்டும் போட்டுப் பக்கத்தில் புள்ளி வைக்கலாம் என்று முடிவாயிற்று. ‘ஓ....’ என்று திரையில் வந்தது. சங்கத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "இவர் ‘ஓரமா போங்க’ன்னு சொல்லியிருப்பாரு சார், மெஷின் சத்தத்துல உங்களுக்குச் சரியா விழுந்திருக்காது" என்றார்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். விசாரணை அதிகாரியாக வந்த வக்கீல்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நானும்தான் சிரித்தேன். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. சென்னைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்த மூன்றெழுத்து வார்த்தையை அன்று காலை ஷிப்ட் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் நானே நாலைந்து முறை சொல்லியிருந்தேன். அதுவும் ஒரே ஆளிடம். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. வரும் என்ற நினைப்பே எனக்கு இருந்ததில்லை.

அந்தத் தொழிலாளிக்கு நான்கு நாள் சஸ்பென்ஷனோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. பத்து வருஷமாக இதைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்று உட்காருவேன். ‘பணியிடத்தில் கெட்ட வார்த்தை பேசலாமா’ என்று பட்டிமன்றத் தலைப்பு மாதிரி ஆகிவிடும், எழுந்துவிடுவேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

சக் சாவி

நான் வேலை கற்றுக்கொண்டது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், டன்லப் நிறுத்தத்தில் இறங்கி உள்ளே நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு லேத் பட்டறையில். மொத்தம் பன்னிரண்டு பேர், நாலு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங். ஐ.டி.ஐ. முடித்த கையோடு சேர்ந்தேன். பத்தொன்பது வயது. ஃபோர்மேனை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேச்சில் அந்த ஓ வார்த்தை கால்புள்ளி மாதிரி. ஆச்சரியம் வந்தாலும் அதுதான், ஜாப், அதாவது கடைகிற இரும்புத் துண்டு, அளவு சரியாக வந்தாலும் அதுதான், கையில் வெட்டுப்பட்டாலும் அதுதான். டீ நன்றாக இருந்தால் ஒரு தினுசாக இழுப்பார், ஆறிப்போயிருந்தால் வேறு தினுசு.

சேர்ந்து மூன்றாவது நாள், ஜாப்பைச் சக்கில் மாட்டி இறுக்கிவிட்டுச் சாவியை எடுக்காமல் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனேன். லேத் ஓட்டினவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சக் என்பது ஜாப்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற பாகம். அதை இறுக்குகிற சக் சாவி ஒரு சாண் நீளத்தில், இங்கிலீஷ் ‘T’ எழுத்து மாதிரி இருக்கிற கெட்டி இரும்பு. அது சக்கிலேயே நிற்கும்போது மெஷின் சுற்றினால், சாவி எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிரே நிற்பவன் நெற்றிக்கும் வரும். பட்டறையின் அந்த மூலையிலிருந்து அண்ணன் கத்தின கத்தில் என் கை அப்படியே நின்றது. ஒரு வார்த்தை இல்லை, ஐந்தாறு வார்த்தை. என் அம்மா, அக்கா, இன்னும் பிறக்காத என் பிள்ளைகள் எல்லாரும் அதில் வந்தார்கள். அருகில் வந்து சாவியைப் பிடுங்கி என் கையில் திணித்தார். "இத கைல வெச்சிக்கினுதான் சக்கைத் தொடணும். சக்குல வெச்சிட்டு கையை எடுக்கக் கூடாது. புரியுதா?" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் கை அல்ல, அவர் கை. அன்று சாயங்காலம் மசால் வடை வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கதையை நான் வருஷக்கணக்காக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாராவது ‘கெட்ட வார்த்தை தப்பு’ என்று ஆரம்பித்தால் போதும், சக் சாவியை எடுத்துவிடுவேன். பட்டறையில் வார்த்தைக்கு அர்த்தம் கிடையாது, சத்தம்தான் உண்டு என்பது என் கட்சி. பள்ளிக்கூட இலக்கணத்தில் குழூஉக்குறி என்று படித்திருப்போம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார், யானைப்பாகர் துணியைக் காரை என்பார், கள்ளுக்குச் சொல்விளம்பி என்று பெயர். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பொருள், வெளியே வேறு பொருள். லேத் பட்டறைக்காரனுக்கு இந்த வார்த்தையும் அப்படித்தான் என்று வாதம் பண்ணுவேன். கேட்கிறவர்களும் ஒத்துக்கொள்வார்கள். கதை நன்றாக இருப்பதனால் ஒத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஏனென்றால் அதே பட்டறையில் அண்ணன் ஒருமுறைகூட அந்த வார்த்தையால் திட்டாத ஆள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முதலாளி. அது சரி. இன்னொருவர், லேத்துகளுக்கு அடியில் விழும் இரும்புச் சுருளையெல்லாம் கூட்டி அள்ளி மூட்டை கட்டுகிற பெரியவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், அண்ணனை விடப் பத்து வயதாவது மூத்தவர். அவரிடம் அண்ணன் ஒரு கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ‘வாடா’, ‘அள்ளுடா’, ‘எங்கடா போன?’ அவ்வளவுதான். பெரியவர் பதிலுக்கு ‘இதோ சார்’ என்பார். அவருக்கென்று ஒரு தனி டம்ளர் இருந்தது. தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் இல்லை, வெளியே ஜன்னல் கட்டையில். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். அதற்கு என்ன பெயர் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு டீக்கடைப் பேச்சில் நான் அண்ணனை அவர் பாணியிலேயே ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னேன். ஒரு நொடி முறைத்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "தேறிட்டான்டா" என்றார். அந்தப் பெரியவர் ஒரே ஒரு நாள் அண்ணனை ‘டா’ போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அது கெட்ட வார்த்தை அகராதியில் எந்தப் பக்கத்திலும் இல்லாத எழுத்து. பத்திரிகைகளில் ‘ஒருமையில் பேசினார்’ என்று செய்தி வருகிறதே, வேறு மொழிக்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்லிப் பாருங்கள். இலக்கணப் பிழைக்கு ஏன் சாலை மறியல் பண்ணினார்கள் என்று கேட்பார்கள்.

மெல்லிய வசவு என்று நாம் நினைக்கிற சிலதையும் கொஞ்சம் கிள்ளிப் பார்த்தால் உள்ளே ஆள் இருப்பார். பேமானி பரவாயில்லை, உருதுவிலிருந்து வந்தது, நேர்மை இல்லாதவன் என்றுதான் பொருள். பொறம்போக்கு, வருவாய்த்துறைக் கணக்கிலிருந்து வந்த வார்த்தை, யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலம். ஆனால் கேப்மாரி? அது ஒரு சமூகத்தின் பெயர். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் வெள்ளைக்காரன் ஆட்சி ஒரு ஜாதியையே திருடர்கள் என்று எழுதிவைத்தது. சட்டம் சுதந்திரத்தை ஒட்டி இங்கே ஒழிந்துவிட்டது. நம் வாயில் ஒழியவில்லை. அந்த ஓ வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்று கட்டுப்பாடாக இருக்கிற எத்தனையோ நல்ல மனிதர்கள், பஸ்ஸில் இடித்தவனைப் பார்த்து இதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள்.

சுத்தமான வாய்

ஒரகடம் வந்தபோது வேறு உலகத்துக்கு வந்த மாதிரி இருந்தது. தரை கண்ணாடி. மஞ்சள் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும். எல்லாரும் எல்லாரையும் ‘சார்’ அல்லது ‘நீங்க’. நோட்டீஸ் போர்டில் நடத்தை விதிகள், அதில் தடித்த எழுத்தில் ‘தகாத மொழிக்கு ஜீரோ டாலரன்ஸ்’. இந்த இடத்தில் ஒரு டர்னராக எனக்கு ஒரு சின்னச் சங்கடம். டிராயிங்கில் ஒவ்வோர் அளவுக்கும் கூட குறைய இத்தனை மைக்ரான் என்று இடம் விட்டிருப்பார்கள். அதற்குப் பெயர்தான் டாலரன்ஸ். 40 மில்லிமீட்டர் என்றால் மேலே 10, கீழே 10. ஜீரோ டாலரன்ஸ் போட்ட டிராயிங்கை உலகத்தில் எந்த மெஷினிலும் ஓட்ட முடியாது. அப்படி ஒருவன் டிராயிங் கொடுத்தால் அவனுக்கு ஜாப் வேண்டியதில்லை, ரிஜெக்ட் பண்ணக் காரணம் வேண்டும் என்று அர்த்தம்.

எங்கள் உற்பத்தி மேலாளர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை. சத்தமே வராது. காலை எட்டு மணிக் கூட்டத்தில், முந்தைய நாள் ரிஜெக்ட் ஆன ஜாப்பைச் சிவப்புத் தொட்டியிலிருந்து எடுத்து, அதை ஓட்டின ஆளின் கையில் கொடுப்பார். "எல்லாருக்கும் தெரியற மாதிரி கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்பார். ‘காட்டுங்க’தான். பிறகு வேறு விஷயங்களைப் பேச ஆரம்பித்துவிடுவார். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். அந்த ஆள் ஜாப்பைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்க வேண்டும். கீழே இறக்கலாம் என்று சொல்ல மாட்டார். ஒருமுறை ஐந்து பெண் பிள்ளைகளுக்கு அப்பாவான ஒருவர், ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஹவுசிங்கைத் தூக்கிப் பிடித்து நின்றதைப் பார்த்தேன். முதலில் கை நடுங்கியது, பிறகு தாடை நடுங்கியது. அம்பத்தூர் அண்ணனாக இருந்தால் அந்த ஜாப்பைத் தூக்கி எறிந்து, வம்சத்தையே இழுத்து, சாயங்காலம் வடை வாங்கிக் கொடுத்திருப்பார் என்று தோன்றியது. நான் என் கட்சியில் இன்னும் உறுதியானேன். வாய் சுத்தமாக இருக்கிறவனைத்தான் நம்பக்கூடாது என்று பேசிக்கொண்டு திரிந்தேன்.

அந்த உறுதியோடுதான் அந்தப் பையனிடம் போனேன்.

ஒடிசாக்காரன். காண்ட்ராக்டர் மூலமாக வந்தவன். என் பட்டறை வயதுதான், பத்தொன்பது இருக்கும். என் ஆய்வு மேசையிலிருந்து ஜாப்பை டிராலியில் ஏற்றிப் பேக்கிங்குக்குத் தள்ளுவது அவன் வேலை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை, அவனுக்கும் அது அரைகுறை. முதல் வாரமே ‘அண்ணா’ பிடித்துக்கொண்டான். மெஷின் சத்தத்தில் அவனைக் கூப்பிட வேண்டுமானால் நான் அந்த ஓ வார்த்தையைத்தான் போடுவேன். ‘ஓ... இங்க வாடா.’ ‘ஓ... அதை எடுறா.’ கோபத்தில் இல்லை. அம்பத்தூர் பழக்கம், அவனோடு ஒரு நெருக்கம் என்றே நினைத்துக்கொண்டேன். மற்றவர்களிடம் அந்தத் தளத்தில் நான் அப்படிப் பேசியதில்லை என்பதை மட்டும் கவனிக்கவில்லை. கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து எல்லாப் பற்களும் தெரியச் சிரிப்பான். ஓடி வருவான்.

கேன்டீனில்

விசாரணை நடந்த அதே மாதம். மதியச் சாப்பாட்டு நேரம், கேன்டீனில் வரிசை நின்றிருந்தது. சாதம் போடுகிற அக்கா எங்கள் பக்கத்து ஊர்க்காரர், காண்ட்ராக்ட் ஆள்தான். கணவர் இல்லை, மகன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு நாலு ஆள் முன்னால் அந்தப் பையன் தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். அக்கா வேறு பக்கம் திரும்பிச் சாம்பார் வாளியை இழுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும். அவனுக்குத் தெரிந்த தமிழில், நல்ல பிள்ளையாக, சத்தமாகக் கூப்பிட்டான்.

"ஓ... அக்கா! சாதம்!"

வார்த்தையை முழுசாகச் சொன்னான். அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில் தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. அக்கா கரண்டியோடு திரும்பினார். அவன் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். எவனோ ஒருவன் கொல்லென்று சிரித்தான், அதைத் தொடர்ந்து கூடமே சிரித்தது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, தான் ஏதோ நன்றாகத் தமிழ் பேசிவிட்டோம் என்று நினைத்து அவனும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். ‘சரியா அண்ணா?’ என்று கேட்கிற பார்வை.

அவனுக்கு அந்த வார்த்தை ‘இங்கே பாருங்கள்’ என்பது. ஒரு ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் தமிழர்கள் மரியாதைக்குப் போடுகிற ஏதோ ஒன்று. அவன் அப்படி நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. நான் அவனை அப்படித்தான் கூப்பிட்டேன். அர்த்தம் கிடையாது, சத்தம்தான் உண்டு என்று பத்து வருஷமாக நான் சொல்லிவந்த வாதத்தை அவன் ஒருவன்தான் முழுசாக நம்பியிருக்கிறான். அக்காவின் முகத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாதத்தைப் போட்டார். அடுத்த ஆளுக்கும் போட்டார். எனக்கும் போட்டார்.

கேன்டீன் மேற்பார்வையாளர் ஹெச்.ஆரிடம் சொல்லிவிட்டார். பெண் ஊழியர் சம்பந்தப்பட்டது, 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டும் என்றார்கள். அதற்குப் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் புகார் தர வேண்டும். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? எழுதிக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். புகார் இல்லை, அதனால் குழு இல்லை. குழு இல்லாததால் விசாரணையும் இல்லை. உதவி மேலாளரை மனமறிந்து திட்டினவருக்குக் குற்றச்சாட்டுக் கடிதம், விளக்கம், சாட்சி, வக்கீல், சங்கத்துக்காரர், மூன்று அமர்வு, டைப் அடிக்க ஒரு பெண் எல்லாம் கிடைத்தது. என்ன சொன்னோம் என்றே தெரியாதவனுக்குக் காண்ட்ராக்டருக்குப் போன ஒரே ஒரு போன் கால். நாளையிலிருந்து வேறு ஆளை அனுப்புங்கள். ஜீரோ டாலரன்ஸ்.

ஹெச்.ஆர். மேலாளர் என்னைக் கூப்பிட்டார், அவன் என் பகுதியில் வேலை பார்த்தவன் என்பதால். "பையன் எப்படி?" என்றார். "நல்ல பையன் சார். தமிழ் தெரியாது. அர்த்தம் தெரியாமச் சொல்லிட்டான்" என்றேன். "யாரோ விளையாட்டுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாங்க, இந்த பசங்க அப்படித்தான்" என்றார் அவர். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ‘யாரோ இல்லை சார், நான்தான்’ என்று நாலு வார்த்தை. நான் சொன்னது: "இருக்கலாம் சார்."

இருக்கலாம் சார். என் வாழ்க்கையில் நான் பேசின கெட்ட வார்த்தைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் இதைத்தான் முதலில் வைப்பேன். ஏ.சி. அறையில், மரியாதையாக, இடக்கரடக்கலாகச் சொன்னது.

மறுநாள் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று தயாராகிப் போனேன். கூட்டம் கலைந்தபின் நின்று, "அக்கா, அந்தப் பையன் தெரியாம..." என்று ஆரம்பித்தேன். அவர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "தெரியும் சார். அவன் உங்க குரல்லயேதான் சொன்னான். அந்த இழுப்பு, அந்தச் சத்தம் எல்லாம். ஒரு நிமிஷம் நீங்கதான் என்னைக் கூப்பிடுறீங்கன்னு நெனச்சுத்தான் திரும்புனேன்." அதற்கப்புறம் வேறு பேச்சே இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தார். நான் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அந்த இழுப்பு என்னுடையதும் இல்லை, அம்பத்தூர் அண்ணனுடையது என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தீர்ப்புகள்

அதற்கப்புறம் பல வருஷம், விட்டு விட்டு, வெறி பிடித்த மாதிரி இதைப் பற்றியே படித்தேன். நம்ம ஊர்ப் போலீஸ் எந்தக் குழாயடிச் சண்டையானாலும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 294 பி, 323, 506 என்று மூன்று பிரிவைச் சேர்த்துப் போட்டுவந்தார்கள். இதில் 294 பி என்பது பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 296 என்று எண் மாறியிருக்கிறது. 2022-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறுமனே திட்டுவதும் இழிவுபடுத்துவதும் ஆபாசம் ஆகாது, கேட்பவர் மனதில் காம எண்ணத்தைக் கிளப்பினால்தான் அந்தப் பிரிவு என்று சொல்லிவிட்டது. படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. யோசித்தால் சரிதான். அந்த ஓ வார்த்தை சொல்கிற காரியத்தை யாரும் மனதில் படமாகப் பார்ப்பதில்லை, சொல்கிறவனும் இல்லை, கேட்கிறவனும் இல்லை. அது செய்கிற வேலை வேறு. நீ கீழே நில் என்கிறது.

தொழிற்சாலை வழக்குகளைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. தொழிற்சாலை நடத்தை விதிகளுக்கு அரசு வகுத்திருந்த பழைய மாதிரி நிலையாணைகளில் கெட்ட வார்த்தை என்ற பேச்சே இருக்கவில்லை, ‘ஒழுங்கீனமான நடத்தை’ என்று ஒரு பெரிய பை, அதற்குள் எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளலாம். 1982-ல் ஒரு வழக்கில், நீண்ட நாள் பழுதில்லாமல் வேலை பார்த்தவர் மேலதிகாரியிடம் மிரட்டலாகப் பேசியதற்கு டிஸ்மிஸ் அதிகம், இரண்டு இன்கிரிமென்ட்டை நிறுத்தினால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். 1984-ல் டெல்டன் கேபிள் வழக்கில், ஒரு தொழிலாளியையும் ஓர் அதிகாரியையும் திட்டிய செக்யூரிட்டி இன்ஸ்பெக்டரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. 2005-ல் மகிந்திரா வழக்கில் காற்று மாறிவிட்டது. மேலதிகாரியைக் கெட்ட வார்த்தையில் திட்டிய தொழிலாளியை டிஸ்மிஸ் பண்ணியது சரிதான் என்று தீர்ப்பு. இந்த இருபத்துமூன்று வருஷத்தில் நீதிமன்றத்தின் டாலரன்ஸ் எவ்வளவு சுருங்கியது என்று வக்கீல்கள் பேசட்டும். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. நான் தேடித் தேடிப் படித்த இந்த மாதிரித் தீர்ப்புகளில் கூண்டில் நிற்பவர் எப்போதும் டிஸ்மிஸ் ஆனவர்தான். கீழே இருப்பவரைத் திட்டி வேலை போன மேலாளர் ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை. மேலே ஏறுகிற வசவு கோப்பில் பதிவாகிறது, கீழே இறங்குகிற வசவு காற்றோடு போகிறது. அம்பத்தூர்ப் பெரியவரின் ‘இதோ சார்’ மாதிரி.

சக் சாவிக் கதையை நான் இப்போது சொல்வதில்லை. அது பொய் இல்லை. அண்ணன் அன்று கத்தியிராவிட்டால் எனக்கு ஒரு கண் போயிருக்கலாம். ஆனால் அவர் ‘சாவி!’ என்று மட்டும் அதே சத்தத்தில் கத்தியிருந்தாலும் என் கை நின்றிருக்கும். நின்றிருக்காது என்று சொல்கிற நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு வாதம் பண்ணத் தெம்பில்லை. வார்த்தை என் வாயைவிட்டு முழுசாகப் போய்விடவும் இல்லை. பைக்கில் போகும்போது ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தால் ஹெல்மெட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஹெல்மெட்டுக்குள் சொன்னால் கணக்கில்லை என்று வைத்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. "அண்ணா, எப்படி இருக்கீங்க?" என்று கொங்குச் சாயல் அடிக்கிற தமிழ். யார் என்று பிடிபடவில்லை. சொன்னதும் எழுந்து நின்றுவிட்டேன். பெருந்துறை பக்கம் ஒரு மில்லில் இருக்கிறானாம், கல்யாணம் ஆகிவிட்டதாம், ஒரு பெண் குழந்தை. அவன் ஊரிலிருந்து வந்த பையன்கள் பன்னிரண்டு பேருக்கு இவன்தான் இப்போது லீடர். பழைய போனில் இருந்த நம்பரை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். நான் ஒரு வழியாக, "அன்னிக்கு கேன்டீன்ல..." என்று ஆரம்பித்தேன். அவன் சத்தமாகச் சிரித்தான். "அர்த்தம் அப்புறந்தான் தெரிஞ்சுதுங்ணா. மறுபடியும் ஒரு எடத்துல சொல்லி அடி வாங்குனேன்" என்றான். கோபம் இருந்ததா என்று அந்தச் சிரிப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை. நான் சொல்ல வேண்டியதை யோசித்துக்கொண்டிருக்கும்போது, "ஒரு நிமிசம்ங்ணா" என்று போனைச் சற்றே விலக்கிவிட்டு யாரையோ அழைத்தான். பின்னால் ஸ்பின்னிங் மெஷின் ஓடுகிற இரைச்சல். ஒடியாவில் என்னவோ சொன்னான், வார்த்தை எனக்குப் புரியவில்லை. முதல் எழுத்தை மேலே தூக்கி, நடுவில் இழுத்து, கடைசியில் வெட்டிவிடுகிற அந்த இழுப்பை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பி வந்து, "சொல்லுங்ணா, சாப்டாச்சுங்களா?" என்றான்.

சாப்பிட்டேன் என்றேன்.